கொடுப்பதும் தேற்றுவதும்: சபைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காணிக்கைக் கவர் வீட்டுக்கு வந்ததும் தொடங்கும் கேள்விகள் சில. துக்க வீட்டிலிருந்து திரும்பும் வழியில் வருபவை சில. ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்கப்படுபவை மீதி. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தந்திருக்கிறோம். வசனங்கள் பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

கொடுத்தா ஆசீர்வாதம் வரும்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் வரும்?

வரும் என்றுதான் வேதம் சொல்கிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. "உதாரகுணமுள்ள ஆத்துமா செழிக்கும், எவன் தண்ணீர் பாய்ச்சுகிறானோ அவனுக்குத் தண்ணீர் பாய்ச்சப்படும்" என்பது நீதிமொழிகள் 11:25. ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்கே கடன் கொடுக்கிறான் என்கிறது 19:17. ஆனால் என்ன வரும், எப்போது வரும் என்று அட்டவணை எதுவும் இல்லை.

2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை வரிசையாக வாசித்துப் பாருங்கள். இன்னும் நற்கிரியை செய்யத் தேவையானது கிடைக்கும் (வசனம் 8). வாங்கினவர்கள் தேவனுக்கு நன்றி சொல்வார்கள் (வசனம் 12). அவர்கள் உங்களுக்காக ஏக்கத்தோடு ஜெபிப்பார்கள் (வசனம் 14). கொடுத்தவரின் கைக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் மறுபடி கொடுப்பதற்காகவே வருகிறது. விதைப்பவனுக்கு விதை கிடைக்கிறது (வசனம் 10) என்பதன் பொருளும் அதுதான்.

"அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி"ன்னா பணம் கொட்டும்னு அர்த்தமா?

லூக்கா 6:38 தானியம் அளக்கும் பேச்சு. படியில் நெல்லை அப்படியே அள்ளிப் போட்டால் மணிகளுக்கு நடுவே இடம் இருக்கும். கையால் அமுக்கினால் கொஞ்சம் இறங்கும். படியைக் குலுக்கினால் இன்னும் இறங்கும். மறுபடி போட்டு, விளிம்புக்கு மேல் கூம்பாகக் குவித்து, ஓரத்தில் மணிகள் சரிந்து விழும்வரை விட்டால் அதுதான் மனசார அளந்த அளவு. கை கூசுகிறவன் விளிம்போடு தலைவழித்து நிறுத்திவிடுவான். மடி என்பது இடைக்கச்சைக்கு மேல் மடித்துப் பிடித்த மேலாடை. நம் பெண்கள் முந்தானையை ஏந்திப் பிடிப்பார்களே, அதுபோல.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். "போடுவார்கள்" என்று பன்மையில் வருகிறது. மடியில் போடுகிறவர்கள் மனிதர்கள் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது, முந்தின வசனம் பணத்தைப் பற்றியதே அல்ல. குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள், விடுதலைபண்ணுங்கள் என்பதுதான் அங்கே பேச்சு. ஆகவே இந்தப் படி பணத்துக்கு மட்டுமான படி அல்ல. மன்னிப்பும் நல்ல வார்த்தையும்கூட அதே படியால்தான் அளக்கப்படுகின்றன. காணிக்கைப் பையில் தாராளமாகப் போட்டுவிட்டு மருமகளிடம் தலைவழித்து அளக்கிற வீட்டுக்கும் இந்த வசனம் பொருந்தும்.

தசமபாகம் கட்டாயமா? மொத்தச் சம்பளத்துலயா, பிடித்தம் போக கைக்கு வர்றதுலயா?

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, ஒரே ஒரு பத்து சதவீதமாக இருக்கவில்லை. எண்ணாகமம் 18-இல் லேவியருக்குரியது ஒன்று. உபாகமம் 14-இல் குடும்பமாகப் போய்க் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படுவதற்கானது ஒன்று. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர்வாசலில் வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிடுவதற்கானது ஒன்று. விளைச்சலிலும் மந்தையிலும் எடுத்தவை இவை. மல்கியா 3:10 சொல்லும் "பண்டசாலை" நிஜமாகவே தானியக் கிடங்குதான்.

புதிய ஏற்பாடு சபைக்கு ஒரு சதவீதத்தை விதிக்கவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்பதுதான் அதன் விதி (2 கொரிந்தியர் 9:7). "நியமித்தபடியே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பை கிட்டே வரும்போது சட்டைப்பையில் அகப்பட்டதை எடுத்துப் போடுவது நியமித்தது ஆகாது. பத்தில் ஒன்று தொடங்குவதற்கு நல்ல அளவு; அதைச் சட்டமாக்கி இல்லாதவரை உறுத்துவதும் தவறு, உள்ளவர் அதோடு கணக்கு முடிந்தது என்று இருப்பதும் தவறு. மொத்தமா, கைக்கு வருவதா என்று கேட்டால், எதை நியமித்தாலும் வருஷம் முழுக்க ஒரே கணக்காக வையுங்கள். ஒற்தலாமையும் (புதினா) வெந்தயத்தையும் சீரகத்தையும் பத்தாகப் பிரித்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது மத்தேயு 23:23-இல் இருக்கிறது.

வழக்கமா எப்படி எடுத்து வைக்கிறது? மாசக் கடைசியில ஒண்ணும் மிஞ்சுறதில்லையே.

மிஞ்சாது. மிஞ்சினால் கொடுக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டில் எந்த மாதமும் மிஞ்சியதில்லை. 1 கொரிந்தியர் 16:2-இல் பவுல் சொன்ன முறை எளிமையானது: வாரத்தின் முதல் நாளில், அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனிக் கவரிலோ தனி வங்கிக் கணக்கிலோ வைத்துவிடுங்கள். அதை மூன்றாகப் பிரிப்பது நடைமுறைக்கு உதவும்: சபைக்கு, மிஷனெரி ஊழியத்துக்கு, அவசரத்துக்கு வந்து நிற்கிறவருக்கு. மூன்றாவது பங்கு பலரிடம் இருப்பதில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்து நிற்கும்போது "இந்த மாசம் கஷ்டம்" என்ற பதில் வருகிறது.

கையில காசே இல்லாதவங்க என்ன கொடுக்கிறது?

கைப்பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் தென் மாவட்டங்களின் பழைய சபைகளுக்கு நன்றாகத் தெரியும். மிசோரத்துப் பெண்கள் 1910-இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கையை இன்றும் விடவில்லை. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வேளைக்கு 80 கிராம், மாதத்துக்கு இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது வீடு சேர்ந்தால் 120 கிலோ.

இது கெடுவது இரண்டு இடத்தில். மூடி இறுகாத டப்பாவில் மூன்றாவது வாரமே வண்டு விழும். காய்ந்த வேப்பிலையோ இரண்டு வற்றல் மிளகாயோ போட்டு வையுங்கள். அடுத்தது, சபையில் புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் கொட்டப்படுவது. அப்படிக் கலந்ததைச் சமைக்கவும் முடியாது, விற்றால் விலையும் கிடைக்காது. வாங்கும் இடத்தில் மூன்று சாக்கு வைத்தால் போதும்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களும் பெரும் பணக்காரர்களல்ல. வேதநாயகம் அசரியாவும் உடனிருந்தவர்களும் திருநெல்வேலிச் சபையாரின் சிறு காணிக்கைகளை நம்பித்தான் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்லிவிட்டது.

ஏழை விதவை இருந்த ரெண்டு காசையும் போட்டாளே, அப்ப நானும் எல்லாத்தையும் போடணுமா?

மாற்கு 12-இல் அவள் கதை 41-ஆம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் பிரசங்கத்தில் வாசிப்பதில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அவளுடைய மனதை அவர் மெச்சினார். அவளிடம் கடைசிக் காசையும் கேட்டு வாங்கும் ஆளாக யாரையும் நியமிக்கவில்லை. முதியோர் பென்ஷனில் வாழும் அம்மாவிடம் கட்டிட நிதிக்குத் தொகை குறித்துக்கொடுக்கும் கமிட்டி இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கடன் இருக்கு. வட்டி கட்டணுமா, காணிக்கை போடணுமா?

கடன்காரனுடைய பணத்தில் தாராளம் காட்ட முடியாது. தவணை, பிள்ளைகளின் பீஸ், வயதான பெற்றோரின் மருந்து ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. கடன் தீரும்வரை சிறு தொகையை நியமித்து அதை நிறுத்தாமல் கொடுங்கள். கந்துவட்டிக்கு வாங்கி நேர்ச்சை செலுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

விதைக் காணிக்கை அனுப்பினா நூறு மடங்கு வரும்னு டிவியில சொன்னாங்க. அனுப்பினேன், வரலை. விசுவாசம் குறைவா?

உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை. வாக்கு கொடுத்தவர் வசனத்தில் பாதியை விட்டுவிட்டார். நூறத்தனையாய் அடைவான் என்ற மாற்கு 10:30-இல் "துன்பங்களோடேகூட" என்ற சொல்லும் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் வீடுகளும் சகோதரரும் தாய்களும் வங்கிக் கணக்கில் சேர்வதில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்குச் சபையே வீடாகவும் தாயாகவும் ஆவதைத்தான் அது சொல்கிறது.

ஒரு சோதனை சொல்கிறோம். தொகையை அவர்கள் குறிக்கிறார்களா? இன்று இரவுக்குள் என்று அவசரப்படுத்துகிறார்களா? கணக்கு கேட்டால் சாபம் என்கிறார்களா? மூன்றில் ஒன்று இருந்தாலும் அனுப்பாதீர்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைப் பவுல் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19–21). அப்போஸ்தலனே அப்படி நடந்துகொண்டிருக்க, டிவியில் வருகிறவர் கணக்குக் காட்டினால் குறைந்துபோக மாட்டார்.

வலது கை செய்றது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னா ரசீது வாங்கலாமா? ஃபேன்ல பேர் எழுதுறது?

ரசீது பொருளாளரைக் காப்பாற்றும் காகிதம், வாங்குங்கள். யூபிஐயில் அனுப்பினால் குறிப்பில் "மிஷனெரி", "ஏழைகள் நிதி" என்று எதற்கென்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அது பொதுக் கணக்கில் கலந்துவிடும். உண்டியலையும் பையையும் எண்ணும்போது உறவினர் அல்லாத இருவராவது இருக்க வேண்டும், அங்கேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஃபேன் வேறு விஷயம். இறக்கையில் "உபயம்" என்று எழுதினால் ஃபேன் சுற்றும்போது பெயர் தெரியாது. கரண்ட் போனால்தான் தெரியும். எழுதியவருக்குக்கூட லாபமில்லாத ஏற்பாடு அது. மத்தேயு 6:2-இல் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று வரும் கிரேக்கச் சொல், அக்காலப் பற்றுச்சீட்டுகளில் முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதப் பயன்பட்டது. பெயருக்காகக் கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, பாக்கி ஒன்றும் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பது ஊர் கூடிச் சிரித்துக் கொடுக்கும் சந்தோஷம்; அதில் தப்பில்லை. போட்டியில் ஒருவர் மற்றவரை மட்டம் தட்டத் தொடங்கினால், ஏலம் விடுகிறவர் அங்கேயே "மூன்றாம் தரம்" சொல்லி முடித்துவிட வேண்டும்.

வரிச் சலுகை கிடைக்குமா? கனடாவுல இருக்கிற மகன் கோயில் கட்ட அனுப்பலாமா?

சபைக் காணிக்கைக்குப் பொதுவாக 80ஜி எனப்படும் நன்கொடை வரிக் கழிவு கிடையாது. ஒரு மதத்தாருக்கென்றே இயங்கும் அமைப்புக்கு அந்த அங்கீகாரம் தரப்படுவதில்லை. சபை சார்ந்த மருத்துவமனையோ இல்லமோ தனி அறக்கட்டளையாக அங்கீகாரம் பெற்றிருந்தால் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை.

மகன் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். ஆலயக் கமிட்டித் தலைவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உதவி கேட்டு வர்றவங்க ஏமாத்தினா என் பலன் போயிடுமா?

போகாது. நீங்கள் தமது நாமத்திற்காகக் காண்பித்த அன்புள்ள பிரயாசத்தை மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்ல என்கிறது எபிரெயர் 6:10. ஆனாலும் கண்ணைத் திறந்துகொண்டு கொடுக்கலாம். பீஸ் என்றால் பள்ளிக் கணக்கில் கட்டுங்கள், மருந்து என்றால் சீட்டை வாங்கிக் கடையில் கொடுங்கள், பசி என்றால் கேள்வி கேட்காமல் சாப்பாடு கொடுங்கள். உழைக்கத் திராணி இருந்தும் மனதில்லாதவரைப் பற்றி 2 தெசலோனிக்கேயர் 3:10 பேசுகிறது; வேலை தேடியும் கிடைக்காதவர்மேல் அந்த வசனத்தை வீசக் கூடாது.

உற்சாகப்படுத்துறதையும் கொடுக்கிறதையும் ஏன் சேர்த்தே பேசுறீங்க?

வேதமே சேர்த்துத்தான் பேசுகிறது. ரோமர் 12:8-இல் புத்திசொல்லுகிறவனும் பகிர்ந்துகொடுக்கிறவனும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகிறார்கள். நம்மைக் குழப்புவது "புத்திசொல்லுதல்" என்ற சொல்தான். இன்றைய பேச்சில் புத்தி சொல்வது என்றால் தப்பு செய்தவனை உட்கார வைத்துக் கண்டிப்பது. பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் அழைத்துக்கொள்வது, தேற்றுவது, தைரியப்படுத்துவது என்றெல்லாம் பொருள். "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்ற எபிரெயர் 3:13-ஐத் தினமும் திட்டுவதற்குக் கிடைத்த உரிமையாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்திருந்ததைப் பார்க்க அப்போஸ்தலர் 4:36-க்குப் போங்கள். சீப்புருதீவைச் சேர்ந்த லேவியன் யோசே. அவனுக்கு அப்போஸ்தலர் வைத்த பெயர் பர்னபா, அதாவது ஆறுதலின் மகன். அவன் முதலில் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தான். பிறகு, எல்லாரும் பயந்து ஒதுக்கிய சவுலை (பின்னாளில் பவுல் எனப்பட்டவர் இவர்தான்) கைபிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனான் (9:27). நிலத்தைக் கொடுத்தவன் இப்போது தன் நல்ல பெயரை இன்னொருவனுக்காகப் பணயம் வைக்கிறான். இரண்டாவதுதான் கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவரைக்கும் போய்ச் சவுலைத் தேடிப்பிடித்து வந்தவனும் அவன்தான் (11:25).

உற்சாகமா நாலு வார்த்தை சொல்லணும்னா என்ன சொல்றது? "காட் பிளெஸ் யூ"ன்னு ஸ்டிக்கர் அனுப்பினா போதாதா?

போதாது. வார்த்தை குறிப்பாக இருக்க வேண்டும். "நல்லா பாடினீங்க" என்பது காதோடு போய்விடும். "இரண்டாவது சரணத்தில் ஆல்டோ குரல் விட்டுப்போனபோது நீங்கள் நிறுத்தாமல் பிடித்துக்கொண்டதால்தான் பாட்டு தப்பியது" என்பது தங்கும். என்ன செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்ற இரண்டும் இருந்தால் போதும். பிரசங்கம் செய்தவரிடம் வாசலில் சொல்வதைவிட, அதன்படி ஒன்றைச் செய்துவிட்டுப் புதன்கிழமை போன் செய்து சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர், ஆலயம் பெருக்குகிறவர், மைக் செட் பார்க்கிற பையன் ஆகியோரை யாரும் பாராட்டுவதில்லை. மைக் கூவும்போது மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இச்சகம் வேறு. வாங்கிக்கொள்ள ஏதோ இருக்கும்போது சொல்வது இச்சகம். தனக்கு ஒன்றும் ஆகாத ஆளிடமும் அதே வார்த்தையைச் சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

துக்க வீட்டுல என்ன பேசுறது? "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொன்னா ஆறுதல்தானே?

சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவது குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைவதுபோல என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். ஜெபம் இரண்டு நிமிஷத்துக்குமேல் வேண்டாம்.

உதவி தேவைப்படுவது அடக்கத்தன்று மட்டுமல்ல. அன்று வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும், காபி போடக்கூடப் போட்டி. மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது ஒரு தூக்குச்சட்டியில் குழம்போடு போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலையக் கூட ஒரு ஆள் வந்தால், அதைவிடப் பெரிய ஆறுதல் வசனம் அந்த வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்காது.

எல்லாருக்கும் நான்தான் ஓடுறேன். என்னை ஒருத்தரும் தேற்றுறதில்லை. சோர்ந்துட்டேன்.

எலியா சாவை விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்தபோது, தூதன் முதலில் வசனம் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். தின்றுவிட்டு எலியா திரும்பவும் தூங்கினான் (1 இராஜாக்கள் 19). தூக்கமும் சாப்பாடும் குறைந்த உடம்பு தன் சோர்வை விசுவாசக் குறைவென்று நினைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் ஒரு பொறுப்பை இன்னொருவரிடம் விடுங்கள். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி கேட்கவில்லை என்று பவுலே 2 கொரிந்தியர் 8:13-இல் சொல்கிறார்.

பிறகு, கேட்கப் பழகுங்கள். பவுல் சிறையிலிருந்து "மேலங்கியைக் கொண்டுவா" என்று வெட்கப்படாமல் எழுதினார். ஒநேசிப்போரு தன்னை அநேகந்தரம் இளைப்பாற்றினான் என்று பெயர் சொல்லி நன்றி சொன்னார். கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாதவர்கள், மற்றவர்களுக்கு வர வேண்டிய பாக்கியத்தைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

பலனை எதிர்பார்த்துக் கொடுத்தா அது சுயநலம் இல்லையா?

எந்தப் பலன் என்பதைப் பொறுத்தது. கொடுத்தவன் மேலே, வாங்கினவன் கீழே என்ற பலனை எதிர்பார்த்தால் சுயநலம்தான். இயேசு பலனைப் பற்றிப் பேச வெட்கப்படவில்லை: ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனும் தன் பலனை அடையாமற்போகான் என்றார். ஆனால் பதில் செய்ய முடியாத ஏழைகளையும் ஊனரையும் விருந்துக்கு அழைக்கச் சொல்லி, பதில் நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் வரும் என்று தள்ளி வைத்தார் (லூக்கா 14:13–14). பிலிப்பியர் அனுப்பிய உதவியைப் பற்றிப் பவுல் எழுதும்போதும், தான் பணத்தை நாடவில்லை, "உங்கள் கணக்குக்குப் பலன் பெருகும்படியே" நாடுவதாகச் சொல்கிறார். அந்தக் கணக்கை வைத்திருப்பவர் வேறொருவர். நாம் தனியே இன்னொரு பேரேடு வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் கசப்பு வருகிறது.

நான் தூக்கிவிட்ட ஆள் இப்ப என்னைவிடப் பெரிய ஆளாயிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. இதுக்கு என்ன பலன்?

மறுபடி பர்னபாதான். அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று இருப்பது, அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று மாறிவிடுகிறது. தர்சுவிலிருந்து கூட்டி வந்தவன் பின்னால் போய்விட்டான்; அவன் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதாக எழுதப்படவில்லை.

15-ஆம் அதிகாரத்தில் கோபம் வருகிறது, ஆனால் அது தனக்காக இல்லை. பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்க்கலாமா என்பதில் சண்டை. சேர்க்க முடியாது என்றார் பவுல். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினான். நடபடிகள் புத்தகத்தில் பர்னபாவைப் பற்றிய கடைசி வரி அதுதான். பல வருஷங்கள் கழித்து, மரணத்தை எதிர்பார்த்திருக்கும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." அந்தக் கடிதத்தில் பர்னபாவின் பெயர் இல்லை.